இடிக்கப் போகிறோம், கிளம்புங்கள்

வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லி, இருக்கிற வீட்டைக் காலி செய்ய வைப்பதுதான் என் வேலை. கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம் ஒரு பழைய அரசுக் குடியிருப்பு. மூன்று மாடி, எல்லாரும் வாடகைக் குடும்பங்கள். இடித்து அவர்களுக்கே புதிதாகக் கட்டித் தரும்வரை அவர்களை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளுக்கு மாற்ற வேண்டும். ஒப்பந்தப் பணியில் அடுத்தவர் கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களே, நீங்களும் இதெல்லாம் பட்டிருப்பீர்கள்.

முதல் கதவு

"கட்டடம் பலவீனமாக உள்ளது, உயிருக்கு ஆபத்து" என்ற அறிவிப்பை முதல் வீட்டு வாசலில் நின்று உரக்க வாசித்தேன். அலுவலகத்தில் அப்படித்தான் பயிற்சி. குரலில் அக்கறை தெரிய வேண்டுமாம். மேல்தளம் ஒழுகும் இடங்களில் ஐந்து பாத்திரங்களை வைத்திருந்த வீட்டுக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒழுகுதுன்னு எத்தனை மனு குடுத்தோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இடிக்கிறதுன்னதும் வீடு தேடி வந்திட்டீகளே."

காலண்டர்

இரண்டாவது மாடியில் செல்வராஜ் வீட்டில் மகள் ஜெனிபரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கதவில் நாங்கள்தான் சிவப்புப் பெயிண்டில் "இடிக்கப்படும்" என்று எழுதியிருந்தோம். அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மறைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால், மாதா படம் போட்ட காலண்டரை அதன் மேல் நானே மாட்டினேன். நன்றிக்கடனாக என்னையும் உறவுக்காரி மாதிரி உள்ளே உட்கார வைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நுழையும்போதே காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டார். காப்பி வந்தது, பெண் வந்தாள். அவர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. புது வீடு எத்தனை சதுர அடி, யார் பேரில் வரும் என்று என்னை விசாரித்துக்கொண்டிருந்தார். மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். கம்பத்தில் நர்சாக இருக்கும் ஜெனிபர் செல்வராஜிடம் அமைதியாகச் சொன்னாள்: "புது வீடு முடியட்டும்ப்பா. அந்த மாப்பிள்ளைய வீட்டையே கட்டிக்கிடச் சொல்லுங்க."

பன்னிரண்டு பேர்

பாண்டியம்மாள் விடிகாலை ஜீப்பில் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். ஜீப் குடியிருப்பு முனையில் நிற்கும். கொட்டகைப் பக்கம் வராது. ஜீப் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அடுப்பு எரியாது. காலி செய்யும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். மேலதிகாரியிடம் சொன்னேன். "பயனாளிக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று குறித்துக்கொண்டார்.

ஜீப்காரரைப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வருவதாகச் சொன்னார். நாலு நாள் அலைந்து, கொட்டகைக்கு மாறியிருந்த வீடுகளில் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்தேன். அதிகாரியின் அறிக்கையில் "போக்குவரத்து வசதி செய்து தரப்பட்டது" என்று ஏறியது.

சாமான் இறக்கிய அன்று பாண்டியம்மாள் தகரச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஜீப்பு வந்திரும், அது சரிதான். கட்டி முடிச்சதும் எங்களத் திரும்ப அங்கன கூட்டிட்டுப் போக நீ இருப்பயில்ல?"

இருப்பேன் என்று சொன்னேன். புதுக் கட்டடம் எழும்பும் முன்பே என் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்பதால், இந்த வேலையில் இருப்பதிலேயே சுலபமானது வாக்குக் கொடுப்பதுதான்.