சேவல் அறுக்காமல் எடுத்த ஏலக்காய்

போடிக்கு மேலே மலைச்சரிவில் காடு திருத்தி ஏலத்தோட்டம் போட்டவன் நான். பொதிமாடு இறங்க வழி வெட்டியவன் நான். காய் உலர்த்தக் கொட்டகை கட்டியவனும், சபை கூட ஜெபக்கூரை வேய்ந்தவனும் நானே. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன் என்று சிரித்தவர்கள் இன்று என் வழியில்தான் நடக்கிறார்கள். விசுவாசிகளே, இவ்வளவும் கைவிட்டுப் போகப் பார்த்ததைக் கேளுங்கள்.

நான் ஞானஸ்நானம் பெற்ற வருஷம், ஆவணி மாதம். காய் பழுத்துவிட்டது. முதல் காயெடுப்புக்கு முன் மலைச்சாமிக்குச் சேவல் அறுத்து, கறியை ஆட்களோடு பங்கிட்டுத் தின்பது எங்கள் மலை வழக்கம். அறுக்காவிட்டால் செடியடியில் பாம்பு தீண்டும் என்று பயம். நான் அறுக்க மாட்டேன் என்றேன். என்னோடு ஒரே நாளில் தண்ணீரில் இறங்கிய என் மச்சான் சாமுவேலும் அறுப்பதில்லை என்று கையடித்துக் கொடுத்தான்.

மறுநாளே தன் தோட்டத்தில் அறுத்தான். என் ஆட்களையும் காயெடுக்க அழைத்துக்கொண்டான்.

"ஏன் மச்சான் இப்படிச் செஞ்ச?" என்றேன்.

"மாப்ளே, ஞாயித்துக்கெழமைச் சாமி வேற, காயெடுப்புச் சாமி வேற. வெரசா நீயும் ஒரு சேவலக் கொண்டா!" என்று சிரித்தான்.

நெஞ்சு எரிந்தது. கூடப் பிறந்தவனைப் போல நம்பியிருந்தேன். எடுக்க ஆளில்லாமல் என் காய் வெடித்து உதிர்ந்தது. அணில் தின்றது. என் மனைவிகூட, "ஒரு சேவல்தானே" என்றாள். கொட்டகையில் முழங்காலிட்டு அழுதேன். 'ஆண்டவரே, தோட்டம் போனாலும் அறுக்க மாட்டேன். என்னை வெட்கப்பட விடாதேயும்.'

அந்த வாரமே, காயெடுக்கும் பெண்கள் கூடையோடு திரும்பி வந்தார்கள். மூத்தவள் பேச்சி சொன்னாள்:

"ஒங்க மச்சான் சேவல வீட்டுக்குக் கொண்டுபோயித் தின்னுட்டாரு. எங்களுக்கு ஒரு எலும்புகூட வரல. பங்கு வைக்காம அறுத்தா சாமி எப்படி எங்களுக்குக் காவல் நிக்கும்? ஒங்க சாமிக்கு என்ன அறுக்கணும் அப்பு?"

"ஒண்ணும் வேணாம் ஆத்தா. நான் முன்னால எறங்குறேன். கடிச்சா மொதல்ல என்னையக் கடிக்கட்டும்."

"கடிச்சா நாங்க திரும்பிப் பாக்காம ஓடிருவோம், பாத்துக்கங்க!" என்று சிரித்தார்கள்.

வெறுங்காலோடு ஒவ்வொரு செடியடியிலும் நான் முதலில் மிதித்தேன். வாய் ஜெபித்தது. ஒரு பாம்பும் தீண்டவில்லை. மிஞ்சிய காயெல்லாம் கொட்டகை சேர்ந்தது. அன்றுமுதல் என் தோட்டத்தில் ஜெபம்தான் முதல் சோலி.

சாமுவேல் இப்போது சபையில் முன்வரிசை. 'நாங்கள் சேவலை விட்டோம்' என்று சாட்சி சொல்கிறான். அவனை மன்னிக்க ஜெபிக்கிறேன். இன்னும் முடியவில்லை. மனிதன் கொடுத்த கையை நம்பாதீர்கள், கர்த்தரை முழு மனதோடு நம்புங்கள். மகிமை அவருக்கே. ஆனால் சேவல் அறுக்காமல் இந்த மலையில் முதலில் இறங்கியது யார் என்று சபையில் சொல்லும்போது, என் பெயரைச் சொல்லுங்கள்.