மூடி மட்டும் புதுசு

ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் நர்ஸ் வேலையில் சுலபமான பகுதி. காலியான தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், கஷ்டம் எது என்று தெரியும்.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் ரோட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் நர்ஸ். வாந்தி, பேதி என்று யார் வந்தாலும் எங்கள் டாக்டர், "தண்ணி எதுல குடிக்கிறீங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து பிரசங்கம் என்னுடையது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் லேபிள் உரிந்த பாட்டில்கள் அணிவகுத்து நிற்கும். அதைத் தூக்கி எறியப் போய்த் திட்டு வாங்கியவர் நீங்கள் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வயிற்று வலிக்காரர்

லாரி டிரைவர் ஒருவர் அடிக்கடி வயிற்று வலியோடு வருவார். மாத்திரை வாங்கிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விடுவார். ஒருநாள் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்து கிடந்து பிளாஸ்டிக் மங்கியிருந்தது. அடியில் பச்சையாகப் பாசி.

"இதுக்குள்ள கிருமி குடும்பமே நடத்துதுங்க. கை போகாத பாட்டில எப்படித் தேய்ச்சுக் கழுவுவீங்க? ஒருக்கா குடிச்சுட்டுப் போடறதுக்குத்தான் இதைச் செஞ்சிருக்காங்க" என்றேன். மனுஷருக்கு முகம் சுருங்கிவிட்டது. வயிற்றைச் சொன்னபோது வராத வருத்தம் பாட்டிலைச் சொன்னதும் வந்தது. "பழசுன்னு மட்டும் சொல்லாதீங்க சிஸ்டர். மூடி இப்பத்தானுங்க புதுசா மாத்துனேன்!"

வெந்நீர் வைத்தியம்

தொண்டை கட்டிக்கொண்டு வந்த ஜவுளிக்கடை அம்மாவிடம் டாக்டர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். மறுநாள் அந்த அம்மா இடுப்பு ஒடிந்து கழுத்து சாய்ந்த ஒரு பொருளை என் மேஜைமேல் வைத்தார். உற்றுப் பார்த்தால் தண்ணி பாட்டில். கொதிக்கக் கொதிக்க அதில் ஊற்றிக் கடைக்குக் கொண்டு போனாராம்.

சூடு பட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கிற சமாச்சாரமெல்லாம் தண்ணீரில் இறங்கும், அது உடம்புக்கு ஆகாது, எவர்சில்வர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏதோ நான்தான் கம்பெனி வைத்து நடத்துவது போலச் சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, வெந்நி தாங்காத பாட்டில்ல என்னத்துக்குங்க தண்ணிய ஊத்தி விக்கறீங்க?"

சாம்பிள்

சிறுநீர் சோதனைக்கு மூடி போட்ட சின்ன டப்பா நாங்களே தருவோம். ஒரு பெரியவர் அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டு வந்தார். சோதனை முடிந்து, ரிசல்ட்டும் கொடுத்தாயிற்று. ஆள் நகரவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டேன். "பாட்டிலக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவேன் அம்மிணி. நாளைக்குக் காட்டுக்கு மோர் கொண்டு போகோணும்."

தாராள மனசு

எல்லோரும் அப்படி இல்லை. படித்தவர்களும் வருகிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வாட்ஸப்பில் பார்த்துவிட்டுப் பாட்டில் பற்றி எனக்கே பாடம் எடுத்தார். கிருமி, கெமிக்கல், ஹார்மோன் எதையும் விடவில்லை. வீட்டில் இப்போது செம்புக் குடம்தானாம். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. அத்தனை பாட்டிலையும் என்ன செய்தீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுத் தொலைத்தேன். "எங்களுக்கு ஆகாதுன்னு ஆனப்புறம் எதுக்குங்க? ஊட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் குடுத்துட்டோம். பாவம், அவுங்க புள்ளைங்களாவது தண்ணி குடிக்கட்டும்!"

லேபிளில் இருந்தது

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. மோகனூர்ப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் ஒருவரை, அவர் மனைவியும் தம்பியும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் எரிகிறது என்கிறார், ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் மிச்சமிருந்த களைக்கொல்லியைத் தண்ணி பாட்டிலில் வாங்கி மோட்டார் ரூமில் வைத்திருக்கிறார்கள். வேலைக் களைப்பில் தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டார். பாதியைத் துப்பினாராம், மீதி உள்ளே போய்விட்டது.

"என்ன மருந்துன்னு தெரியணும், சீக்கிரம் டப்பாவக் காட்டுங்க" என்றார் டாக்டர். அந்த அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். லேபிள் கிழியாமல் பளிச்சென்று இருந்தது. சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் என்று போட்டிருந்தது. டாக்டர் அதை ஒரு தடவை படித்தார். பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போன் போட்டு மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸை வரவழைத்தார். நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் கூடப் போனேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்று அவர் வழியெல்லாம் கேட்டார். ஆகாது, ஆகாது என்றேன்.

ஆயுசு கெட்டி. பிழைத்து வந்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா எங்களுக்குக் கரும்பு கொண்டு வந்தார். அந்தப் பாட்டிலை என்ன செய்தீர்கள் என்று முதல் காரியமாகக் கேட்டேன். என் பயத்தைப் புரிந்துகொண்டு, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "நீங்க பயப்படாதீங்க சாமி. சோப்புப் போட்டு நல்லாக் கழுவி எடுத்து வெச்சுட்டேன்."

ஒரு தடவை குடித்துவிட்டு எறிவதற்காகச் செய்த பாட்டிலை ஆயுசுக்கும் காப்பாற்றுகிற நம் ஜனங்கள், ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டிய உடம்பைத்தான் யூஸ் அண்ட் த்ரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.