மூன்று பிரவுசர்களும் மேரியின் மகளும்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கு அக்கம்பக்கத்துக் கவலைகள் எல்லாம் தெரிந்துவிடும்; தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் தொழில். மேற்கு மாம்பலத்தில் என் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்றிலும் வேறு வேறு பிரவுசர். ஒன்று போதாதா என்பார்கள். என்னைப்போல் அவதிப்படும் உங்களுக்குத் தெரியும், ஒன்று சிரித்த முகமாய்த் திறக்கும் பக்கத்தை இன்னொன்று திரும்பியும் பார்க்காது.

நரியில் திறந்த பக்கம்

யாரும் பிரவுசரின் பெயரைச் சொல்வதில்லை. படத்தைத்தான் சொல்வார்கள்: நரி, கலர் உருண்டை, அலை. தெருமுனையில் மீன் விற்கும் மேரி ஒரு மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். மகள் ஸ்டெல்லா ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். அந்த இல்லத்தின் இணையப் பக்கத்தில் அவளைப் பற்றிப் போட்டிருந்தார்கள். விமானம் ஏறுமுன் ஸ்டெல்லா, "அங்க யாராவது கேட்டா, அம்மா பிசினஸ்னு சொல்லிக்கிறேன்" என்றிருக்கிறாள். அது மேரிக்குள் முள்ளாய் நின்றுவிட்டது.

நரியில் ஒரு வசதி உண்டு. விளம்பரம், குறுக்கே முளைக்கும் பெட்டி எல்லாம் உதிர்ந்து வாசிக்க வேண்டியது மட்டும் நிற்கும். ஸ்டெல்லாவின் படமும், கீழே நெருக்கமான ஜெர்மன் எழுத்தும் நின்றன. மேரி வெகுநேரம் பார்த்தாள்.

"இம்மாம் எழுதிக்கீறாங்களே, அதுல நான் எங்கனா கீறனான்னு பாரும்மா."

உருண்டையின் தமிழ்

என் நரியில் தமிழாக்கும் வசதி அகப்படவில்லை. உருண்டையில், மேலே ஒரு சின்னக் குறியை அழுத்தினால் போதும். தெரியாத பாஷை கண்ணெதிரே வரிவரியாய்ப் புரண்டு தமிழாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. இத்தனை வயதில் வியக்க வேறென்ன மிச்சம்?

"படிக்கட்டுமா?" என்று கண்ணாடியை மாட்டினேன். மேரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையைக் கையால் மறைத்தாள்.

"நீ படிக்காதம்மா. எனக்கு நோவும்னு மாத்திப் படிச்சிடுவ. ஈரம் இல்லாதது எதுனா படிக்கட்டும்."

அலைக்கு முன்னால் மாமா

நான் மாற்றித்தான் படித்திருப்பேன். அதனால் வாதாடவில்லை. அலையிடம் அந்த ஈரமில்லாத குரல் இருந்தது. அது தமிழாக்கவும் செய்யும், உரக்கப் படிக்கவும் செய்யும். ஆனால் அதன் முன்னால் ரங்கநாதன் மாமா உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிய பிறகு தினமும் இங்கே வந்து செய்தி கேட்கிறவர். வீட்டில் டிவி சத்தத்தில் ஒன்றும் காதில் விழாதாம்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மேரியிடம் நீட்டினார்.

"உக்காந்து கேளும்மா. அது எதைச் சொன்னாலும் குரல் மாறாது. என் சிநேகிதன் போயிட்டான்ங்கறதையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிதான் படிச்சுது."

மூச்சு வாங்காத குரல்

ஹெட்போன் மேரியின் காதில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அலை படிக்கும்போது, படிக்கிற சொல்லின்மேல் மஞ்சள் விழும். அதைப் பார்த்தே தொடர்ந்தேன். பயிற்சி, பணி நேரம், பிடித்த பாட்டு. மஞ்சள் நகர்ந்துகொண்டே இருந்தது. மேரி முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். கடைசிப் பத்தியில் என் கண் மஞ்சளை முந்திப் படித்துவிட்டது. மஞ்சளே போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எனது தாயார் சென்னையில் ஒரு மீன் விற்பனையாளர் ஆவார். எந்த மீனிலும் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவர் எனக்குக் கற்பித்தார். இங்கு முதியவர்களிடம் நான் அதையே செய்கிறேன்."

மஞ்சள் நின்றது. மேரி ஹெட்போனைக் கழற்றவில்லை. என் பக்கம் திரும்பினாள். எனக்குத்தான் கண்ணை நீர் மறைத்திருந்தது.

"விற்பனையாளராம்மே நானு! நீ இன்னாத்துக்கு அழுவுற? அத்த இன்னொரு தபா போடு."

எந்த பிரவுசர் நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ளப் பயம் என்று திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.