ஒரு பிள்ளைக்கு ஒரு பஸ்ஸா?

ஜூன் மாதம் என்றாலே எனக்கு அலுப்பு. அருப்புக்கோட்டையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். அட்மிஷன் நேரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். பையன்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத்தான் வீடு வீடாக அலைய வேண்டும். "பொம்பளப் பிள்ள கரண்டு மரத்துல ஏறுமா?" என்று கேட்பார்கள். நான் ஏறித்தானே இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

போன வருடம் பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ப்ளஸ் டூ முடித்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "மோட்டாருக்குக் காயில் கட்டச் சொல்லித் தருவீகளா மேடம்?" கோடைக்குக் கோடை அவர்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோகுமாம். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை மாற்ற அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு அலைவதற்குள் மிளகாய்ச் செடி வாடிவிடுமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவள் அம்மாவுக்கு மனசில்லை. "மில்லு வேலைக்குன்னா வேன் வாசல்ல வந்து நிக்கிது. உங்க படிப்புக்கு மட்டும் எம் பிள்ள ரோட்டுல காத்துக் கிடக்கணுமாக்கும்" என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசிப் பேசிச் சேர்த்துவிட்டேன்.

அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அது டவுனுக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் பட்டறை வகுப்பு தொடங்கிவிடும். தாமதமாக வந்தால் அரை நாள் வருகை போச்சு. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பஸ்ஸை அரை மணி நேரம் முன்னால் விடச் சொல்லி டிப்போவுக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "ஒரு பிள்ளைக்கு ஒரு பஸ்ஸா மேடம்? ஒரு பத்துப் பேரு சேரட்டும், பாப்போம்" என்றார். ஊரில் போய்க் கேட்டால், "பஸ்ஸு வரட்டும், சேக்குறோம்" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். நடுவில் நான்தான் பைத்தியக்காரி மாதிரி போய்ப் போய் வந்தேன்.

அந்தப் பெண் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மில் வேனில் போகும் அக்காமார் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். எங்கள் கேட் முன்னால் இறக்கிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். காயில் கட்டுவதில் அவள் கை சுத்தம் யாருக்கும் வராது. பிறகு மில்லில் யாரோ பார்த்துவிட்டார்கள். வேனில் ஏறுகிறவர்கள் வேலைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் பஸ், மறுபடியும் அரை நாள். பொங்கல் லீவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விதிப்படி பெயரை எடுத்துவிட்டார்கள்.

பங்குனி வெயிலில் டிப்போவிலிருந்து போன் வந்தது. பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். ஒரு மாதம் விட்டுப் பார்ப்பார்கள், ஆள் ஏறினால் தொடரும். மறுநாள் டிப்போவில் ஏறி அதே பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். போகும்போது வண்டியில் டிரைவர், கண்டக்டர், நான். அவ்வளவுதான்.

ஊர் மந்தையில் மில் வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். தலையில் மில் துணி கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தாள். பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இது நெசமாவே நம்ம ஊருக்கா மேடம்?"

"ஆமா. இனிமே நேரத்துக்கு வந்துரலாம்."

"அப்ப நாளைக்கு வாரேன்" என்றாள், யோசிக்காமல்.

உள்ளதை அவளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "இப்ப சேக்க முடியாதும்மா. பேர எடுத்துட்டாக. ஜூன்ல புதுசாத்தான் சேரணும்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தது.

"ஜூன் வரைக்கும் இத ஓட்டுவாகளா மேடம்?"

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவள் வேனில் போய் ஏறிக்கொண்டாள்.