கழற்றாத பல்

தெருவில் எல்லாருக்கும் அவர் ‘ஸ்டைல்’ அண்ணன். சலூன் நடத்தி ஊரார் முகத்தையெல்லாம் லட்சணமாக்கியவர், தன் வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை என்பதைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடவில்லை. பல்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் அந்த மிடுக்கே தனி. புற்றுநோய்க்கு ஊசி போட்டுத் தலைமுடி கொட்டியபோதுகூட, “கடைக்கு ஒரு கிராக்கி குறைஞ்சுது” என்று சிரித்த மனிதர்.

அடுத்த ஊசிக்குப் போன இடத்தில் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, இப்போது ஊசி போட முடியாது என்று கையை விரித்துவிட்டார். நாக்கெல்லாம் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை. எதிர்ப்புச் சக்தி குறைந்த வாயில் பூஞ்சை பிடித்திருந்தது.

“இது ஆறி அவர் நல்லா சாப்பிடணும். அப்புறம்தான் ஊசி. ராத்திரி பல்லைக் கழட்டி ஊற வைக்கிறாரா?”

“வைக்கிறாரு டாக்டர்” என்றாள் மனைவி. தலைமாட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதே அவள்தானே.

மறுநாள் விடிந்ததும் எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தில் வெறும் தண்ணீர். அவரோ கன்னம் உப்பலாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலுக்கி எழுப்பினாள்.

“ஊசி தள்ளிப் போச்சேன்னு நான் செத்துட்டிருக்கேன். உங்களுக்கு அழகு கேக்குதா?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே சொன்னார்:

“ஆஸ்பத்திரியில கூப்பிட்டு செத்தவங்களுக்குச் சவரம் பண்ணிருக்கேன்ல? பல்லில்லன்னா கன்னம் குழி விழுந்துடும். ஒருத்தரோட பையன் ‘இது எங்கப்பா இல்ல’ன்னுட்டான். பல்லைத் தேடிப் போடலாம்னா, தாடை இறுகிப் போச்சு. தூக்கத்துலயே நான் போயிட்டா?”

கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது. இத்தனை நாள் இந்த எண்ணத்தோடா பக்கத்தில் படுத்திருந்தார்?

“நான் பக்கத்துலதானே இருக்கேன். உடனே மாட்டிடுவேன்.”

“உனக்கு மாட்டத் தெரியாது.”

“சொல்லிக் குடுங்க.”

அவர் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்து வைத்தார். அவள் பல்லைக் கழற்றிக் கழுவி வந்து தாடையைப் பிடித்தாள். பல்லை உள்ளே வைத்து அழுத்தினாள். புண்ணில் பட்டிருக்க வேண்டும், மூடிய இமையோரம் தண்ணீர் கசிந்தது. அவர் அசையவில்லை.

“மாட்டிட்டேன். கண்ணைத் திறங்க.”

திறக்கவில்லை.

“என்னங்க! விளையாடாதீங்க!”

அவர் கண்ணைத் திறந்தார். சரியாக இருக்கிறதா என்று கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பல்லைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.