அவ்வளவு அவசரம் ஆருக்கு?

புதன்கிழமை, ரோம். சிசிலிக்குப் போகும் ரயிலுக்கு எழுபதாயிரம் லீரா கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தேன். பக்கத்து மேடையில் மிலானோவுக்குப் போகிற வேக ரயில் நின்றது. கூர் மூக்கு, பளபளவென்ற கண்ணாடி, ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்கள். தெற்கே போகிற என்னுடையதோ கிழட்டு ரயில், எங்கள் பெட்டியில் ஒரு யன்னல் மூடவே மாட்டேன் என்றது. எனக்குக் குணத்தின் ஞாபகம் வந்தது.

குணம் ரொறன்ரோவில் என்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவன். செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டை மூடப் போகிறார்கள். அதே நேரத்தில், கியூபெக் நகரிலிருந்து வின்ட்சர் வரை வேக ரயில் போடலாமா என்று அரசாங்கங்கள் ஆராய்கின்றன. குணத்தின் தமையன் மொன்றியலில், ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறான். அதனால் இவனுக்கு ரயில் வேண்டும். எனக்கு வார்டு வேண்டும். சாப்பாட்டு மேசையில் நாங்கள் பிடிக்காத சண்டை இல்லை. ஒவ்வொரு சண்டையையும் ஒரே கேள்வியால்தான் நான் முடிப்பேன்: "அவ்வளவு அவசரம் ஆருக்குக் கிடக்கு?" மேசை முழுக்கச் சிரிக்கும், குணம் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவான்.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். என் தம்பி பீற்றர் பலெர்மோவில் செத்துப்போனான். நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. ஊர்காவற்றுறையில் ஒன்றாக வளர்ந்து, பிறகு பத்து வருடம் டெலிபோனில் மட்டும் கதைத்த தம்பி. விசா கையில் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்காவது நிற்பேன் என்று அவன் மனைவி றீத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழன் பகல் பதினொன்றரைக்கு ரயில் பலெர்மோ சேரும், ஒரு நாள் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக ஏறினேன்.

வியாழன் காலை ஆறரை, வில்லா சான் ஜொவான்னி. இத்தாலியின் தரை இங்கே முடிகிறது. எதிரே மூன்று கிலோமீற்றர் கடல், அதற்கப்பால் சிசிலி. ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அக்கரையில் இழுத்தெடுத்துப் பூட்டுவார்கள். அன்றைக்குத் தெற்குக் காற்று கடலைக் கிளப்பிவிட்டிருந்தது. கப்பல் வெளிக்கிடாது என்றார்கள். ஆயிரத்து முந்நூறு லீராவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி தமிழோ?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. பேசாலையைச் சேர்ந்தவர், பெயர் சூசை. பலெர்மோவில் வீடு துடைக்கிற வேலை, கடவுச்சீட்டுப் புதுப்பிக்க ரோமுக்குப் போய்த் திரும்புகிறார். பீற்றரின் அக்கா என்றதும் தொப்பியைக் கழற்றினார். தானும் பூசைக்குத்தான் ஓடுகிறேன் என்றார்.

"நாளைக்குத்தானே அண்ணை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இண்டைக்குத் தங்கச்சி, நாலு மணிக்கு. இஞ்சை வீட்டுவேலை செய்யிற எங்கடை சனத்துக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தானே லீவு. கலியாணம், செத்தவீடு, முப்பத்தொண்டு எல்லாம் அதுக்குள்ளதான்."

றீத்தா இதைச் சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. பலெர்மோவில் அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று பாவம் அவள் நினைத்தே இருக்கமாட்டாள்.

எட்டு, ஒன்பது, பத்து. கடல் அப்படியே கிடந்தது. இந்த இடத்தில் பாலம் கட்டப்போகிறோம் என்று எத்தனையோ காலமாகச் சொல்கிறார்களாம். சூசை அண்ணை அதற்கு எதிர். பலெர்மோவில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அந்தக் காசைக் குழாயில் போடட்டும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் வாதாடுகிறவராம், வோட்டு இல்லாவிட்டாலும். அப்படியே நான் கதைப்பது போல இருந்தது. இப்போதும் பாலம் வேண்டாமா என்று கேட்டேன்.

"இண்டைக்குக் கேளாதேங்கோ தங்கச்சி. இண்டைக்குப் பாலம் எண்டுதான் சொல்லுவன். தண்ணி வராத நாளிலை கேளுங்கோ."

பன்னிரண்டரைக்குப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். அக்கரையில், மெசினாவில் இறங்கும்போது இரண்டேகால். அங்கிருந்து பலெர்மோ இருநூற்று முப்பது கிலோமீற்றர், பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயிலுக்கு வழி விட்டு விட்டு நின்றோம். ஒரு சின்ன ஸ்ரேசனில் நிற்கும்போது மணி நாலு அடித்தது. சூசை அண்ணை எழுந்து நின்று செபமாலையை எடுத்தார். நானும் எழுந்தேன். முன்னால் இருந்த இத்தாலியக் கிழவிக்கு என்ன விளங்கியதோ, அவளும் சிலுவை போட்டாள். வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

ஆறு மணிக்குப் பலெர்மோ. டாக்சி பிடித்துக் கபோச் சந்தைக்குப் பக்கத்துக் கோவிலுக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. படியில் றீத்தா கறுப்புச் சட்டையோடு, மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு தனியாக இருந்தாள்.

"உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டம் மச்சாள். பூசை வைக்க வந்த சாமியும் அரை மணித்தியாலம் பாத்தார். சனம் திரும்பி வேலைக்குப் போகவேணும்." என் கையில் பொட்டலத்தையும் வீட்டுத் திறப்பையும் வைத்தாள். "நானும் போகவேணும். ஏழுக்கு வேலை வீட்டுச் சின்யோராவுக்குச் சாப்பாடு குடுக்கவேணும். குறை நினையாதேங்கோ. எனக்கும் அழ நேரம் காணேல்லை."

சூசை அண்ணை என்னைச் சீசா என்ற பகுதியில் இருந்த அவளுடைய வீட்டில் விட்டுவிட்டுத் தன் வேலைக்கு ஓடினார். குளியலறை முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான்கள். வெள்ளிக்கிழமை, நான் எண்ணிய உண்மையான முப்பத்தோராம் நாள், றீத்தா விடிய முன்னமே வேலைக்குப் போய்விட்டாள். தம்பியின் கல்லறைக்குத் தனியாகப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். காற்று மூன்று தரம் அணைத்தது. ஞாயிறு புறப்படுகிற அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. றீத்தா கானிலிருந்து ஊற்ற, முகம் கழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன். சூசை அண்ணை சொன்னதிலும் பிழை இல்லை.

திரும்பி வந்த கிழமையே சாப்பாட்டு மேசையில் ரயில் கதை தொடங்கியது. மூடப் போகிற வார்டில் கட்டில்களை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். குணம் ஏதோ சொல்ல, யாரோ என் பழைய கேள்வியை எடுத்து வீசிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காசு ஒண்டுக்குத்தான் எண்டால், இப்பவும் நான் வார்டுக்குத்தான் கை தூக்குவன் குணம்," என்றேன். "ஆனா அவசரம் ஆருக்கெண்டு இனிக் கேக்கமாட்டன். அவசரம் இருக்கிறவவை நான் கண்டிட்டன். கோவில் படியிலை சோத்துப் பொட்டலத்தோடை இருந்தவ."