வேங்கை மேசையின் ஓரம்

மழை ஈரத்தில் இந்த வேங்கை மர மேசை வாசம் விட்டால், கடலூரில் புதுச் சாலைக்காக இடிபட்டுப்போன எங்கள் தகரக் கொட்டகையும், ரசாயன ஆலை வேலை முடிந்து வந்து அங்கே எனக்காக இதை இழைத்த அப்பாவும், மஞ்சள் நிற மரத்தூளும், அவர் இருமலும் சேர்ந்தே வரும். மரத்தின் ரேகைகள் அழகாக, ஆனால் திசை மாறி ஓடியதால், இழைப்புளி பட்ட இடமெல்லாம் செதில் பெயர்ந்தது. கண்ணாடிச் சில்லால்தான் சுரண்டினார்.

“மரத்துக்கு மூக்கு இல்லங்க, உங்களுக்கு இருக்கு, துணியக் கட்டிக்குங்க,” என்பாள் அம்மா.

“இந்த ஒரு ஓரந்தாண்டி. புள்ள கையில சிராய் ஏறக் கூடாதில்ல.”

அந்த ஓரம் முடியுமுன் அப்பா போய்விட்டார். ஆலைக் காற்றா, மரத்தூளா என்று வேதியியல் படித்த பின்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது இருக்கும் சிதம்பரம் வீட்டில், அந்த ஓரத்துச் சொரசொரப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்கிறாள் அம்மா. அது என் பக்கமே இருக்கிறது. எழுதும்போது சிராய் ஏறுகிறது.